மூக்கு முட்டிய படகு

கூடத்திலேயே கட்டி முடித்த படகைப் புருஷோத்தமன் வாசல் வழியாகத் தள்ளினார். பாதி வெளியே வந்ததும் அதன் மூக்கு எதிர்வீட்டுச் சுவரில் போய் முட்டிக்கொண்டது.

"கட்றதுக்கு முன்னாடி சந்து எத்தினி அகலம்னு பாக்க வேணாவா?" என்றாள் மனைவி நீலாவதி.

"சமையல்கட்டுப் பின்சுவத்த இடிச்சா நேரா வெளிய பூடும்."

"இன்னாது, என் சுவத்த இடிக்கிறதா? அதுக்குப் படகையே ரெண்டா அறுத்து எடுத்துட்டுப் போங்க!"

புருஷோத்தமனுக்கு ஆவேசம் வந்துவிட்டது. "அறுக்கறதுக்கு இது இன்னா பலாப்பழமா? ஒவ்வொரு சட்டத்தையும் ஆவியில வேக வச்சி வளைச்சிருக்கேன். அதுமேல கான்வாஸ் துணிய இழுத்து அடிச்சிருக்கேன். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது!"

சுவர் இடிந்தது. நீலாவதியின் அடுப்பு வேப்பமரத்தடிக்குப் போனது. படகு முழுசாக வெளியே வந்தது.

சாயங்காலம், போனில் ஆர்டர் கொடுத்திருந்த செங்கம் ஓட்டல் முதலாளி மினிலாரியோடு மலைமேல் இருந்த அவர்கள் ஊருக்கு ஏறி வந்தார். படகைத் தடவிப் பார்த்து அசந்துபோனார்.

"பிரமாதம்ங்க! ரம்பம் இருக்குதா?"

"ரம்பம் எதுக்குங்க?"

"நடுவுல அறுத்துடுங்க. ஒரு பாதி செங்கம் ஓட்டலுக்கு, ஒரு பாதி கணியம்பாடி ஓட்டலுக்கு. கல்லாவுக்குப் பின்னால செங்குத்தா நிக்க வச்சி, பலகை அடிச்சி, ஊறுகா பாட்டில் அடுக்கப் போறேன்."



வாசலைச் சுற்றி வர நீலாவதிக்குப் பொறுமையில்லை. இடிந்த சுவர் வழியாகவே வெளியே வந்தாள். ஒரு கையில் ரம்பம், இன்னொரு கையில் எண்ணெய்க் கிண்ணம்.

"கையில எண்ணெ தடவிக்கினு அறுங்க. பலாப்பழம் பாருங்க, பிசின் ஒட்டிக்கும்."