ஒரு டம்ளர் தண்ணீர்

அடுக்களையில் நான்கு பேர் இருக்கிறார்கள்: வீட்டுப் பெரியவர், அவர் மனைவி, மருமகள், முதல்முறையாக விருந்துக்கு வந்திருக்கும் மருமகளின் அம்மா. ஜன்னல் வெயிலில் ஆவி வெள்ளையாகச் சுழல்கிறது. எண்ணெய் தடவிய தட்டில் மெல்லிசாக ஊற்றி வேகவைத்த அரிசி மாவு ஏடாக உரிந்து வரவேண்டும். சுருட்டி நறுக்கினால் நூடுல்ஸ். மருமகள் கத்திமுனையால் ஓரத்தைக் கிளப்புகிறாள். ஏடு வரவில்லை, கூழாக வழிகிறது. மூன்றாவது தட்டும் இப்படித்தான். "மாவு கரைக்கக்கூடவா உங்கம்மா சொல்லித்தரல?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறாள் மாமியார். சம்பந்தியம்மாள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்க்கிறார். பெரியவரின் காது சுடுகிறது. காலையில், மாவு கெட்டியாக இருக்கிறதென்று யாரையும் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கலக்கியவர் அவர். கழுவிய தட்டுகளோடு வாசலில் நின்று மருமகள் அதைப் பார்த்ததும் அவருக்குத் தெரியும். அவள் இப்போது அவர் பக்கம் திரும்பவே இல்லை. "கை தவறிடுச்சு அத்தை" என்று சொல்லிவிட்டு, இரண்டு பிடி அரிசி மாவை அள்ளிப்போட்டுக் கட்டியில்லாமல் கரைக்கிறாள். இந்தக் குடும்பத்தில் தன் தப்பை மறைத்தவர் எவருமில்லை என்று சற்றுமுன் சம்பந்தியம்மாளிடம் பெருமை பேசிய பெரியவரின் வாய் திறக்கவில்லை. அடுத்த தட்டில் ஏடு பளபளவென்று உரிந்து வருகிறது. "நம்ம வீட்டுக்கு வந்துதான் கத்துக்கிட்டா, என்னங்க?" என்கிறாள் மனைவி. "ம்" என்கிறார் அவர். அந்த மருமகளுக்கு மாவு கரைக்கத் தெரியாது என்று உறவுக்குள் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். தண்ணீர் ஊற்றியவர் மாமனார்.