நாளைக்கு நாலு மணிக்கு

"உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க! மூச்சு விடுற சத்தம்கூட எனக்குக் கேக்கக் கூடாது!"

மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிட்டு வந்து நடுவுல நின்னார். அங்கே பேசிட்டிருந்தது என்னவோ அவர் ஒருத்தர்தான். முதுகுக்குப் பின்னால அவருக்குப் பேரே ரேடியோ.

லென்ஸ் அறுக்கிறவர் ஸ்டூல் நுனியில உக்காந்தார். பக்கத்துல கண்ணு டெஸ்ட் பண்ற பொண்ணு. முதலாளியோட சம்சாரம் வழக்கம்போல கல்லாவுல, வாயைத் திறக்காம.

"மாசம் பொறந்தா ஒரு நாள் சாயங்காலம் இந்த லென்ஸ் அறுக்கிறவன் மாயமாயிடுறான். கேட்டா வீட்டு வேலையாம். அதுக்கு முந்தின நாள் கரெக்டா ஒரு பொம்பளை ஃபோன் பண்றா. இன்னிக்கும் பண்ணினா. இந்தக் காதால கேட்டேன்!"

முதலாளி கழுத்தைச் சாய்ச்சு, குரல்ல தேனைத் தடவிக்கிட்டார். "நாளைக்கு நாலு மணிக்குங்க... மறந்துடாதீங்க... சாப்பிட்டுட்டே வாங்க..."

அச்சு அசல் பொம்பளைக் குரல். கண்ணு டெஸ்ட் பொண்ணு சிரிப்பை அடக்க உதட்டைக் கடிச்சுக்கிச்சு.

"யாருடா அவ? எதிர் கடைக்காரன் வெச்ச ஆளா? என் கஸ்டமரை அங்கே தள்ளிட்டு நீயும் தாவப் பாக்குறியா? உண்மையைச் சொல்லு. இல்லேன்னா இன்னிக்கே கெளம்பு!"

லென்ஸ்காரர் தலையைக் குனிஞ்சார்.

"கிளினிக்ல இருந்து பண்றாங்க முதலாளி. எனக்குக் கவனம் ஒரு இடத்துல நிக்காது. ஏடிஎச்டின்னு சொல்வாங்க. அதுக்கு தினம் மாத்திரை. மாசாமாசம் டாக்டர் எடை, பிரஷர் எல்லாம் பாத்துத்தான் அடுத்த மாசத்துக்கு எழுதித் தருவார். போகலேன்னா மாத்திரை கிடையாது. நான் மறந்துடுவேன்னு கூப்பிட்டுச் சொல்றாங்க."

"யார் காதுல பூ சுத்துற? குடு அந்தக் கிளினிக் நம்பரை!"

முதலாளியே ஸ்பீக்கர்ல போட்டார்.

"நாங்க யாரையும் கூப்பிடுறது இல்லைங்க," கொட்டாவியோட ஒரு ஆம்பளைக் குரல் வந்துச்சு. "அவங்கவங்கதான் ஞாபகம் வெச்சு வரணும்."

லென்ஸ்காரர் முகம் வெளிறிப்போச்சு. "சத்தியமா... நான் கிளினிக்னுதான் நெனைச்சிட்டிருந்தேன்..."

"மாட்டினியா! போடு அவளுக்கு. இப்பவே போடு!"

லென்ஸ்காரர் அந்த நம்பரை அழுத்தினார்.

மணி அடிச்சுது. கல்லாப்பெட்டிக்குள்ள.

எல்லார் கழுத்தும் அந்தப் பக்கம் திரும்புச்சு. முதலாளி சம்சாரத்தைப் பாத்தார். லென்ஸ்காரரைப் பாத்தார். மறுபடி சம்சாரத்தை. "அடியே... நீயா?"

"அக்கா... நீங்களா?" லென்ஸ்காரருக்கும் வாய் மூடலை.

அந்தம்மா இழுப்பறையில இருந்து ஒரு பழைய ஃபோனை எடுத்து, நிதானமா மணியை நிறுத்தினாங்க.

"ஒரு தடவை டாக்டர்கிட்ட போக மறந்துட்டார். மாத்திரை தீந்துபோச்சு. அந்த வாரம்தான் வலது கண்ணு லென்ஸை இடதுல மாட்டினார். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வெளியே போன்னு நீங்க கத்துனீங்க. எங்கிட்ட வந்து சொல்லி அழுதார். அதுல இருந்து அடுத்த தேதியை எங்கிட்டதான் சொல்வார். சொன்னதே அவருக்கு ஞாபகம் இருக்காது. அதான் நான் கூப்பிடுறேன்."

"அதை எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா? அவரை மாதிரி நடிச்சுக் காட்டியே விரட்டியிருப்பீங்க."

முதலாளி அசடு வழிஞ்சார். "அந்தக் குரலை நானும்தானே கேட்டேன்! நடிச்சே காட்டினேனே! நீதான்னு தோணவே இல்லையே!"

அந்தம்மா கல்லாவைப் பூட்டிட்டு எழுந்தாங்க.

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின பொண்டாட்டி குரலே அடையாளம் தெரியலை. நாளைக்கு நாலு மணிக்கு அவர்கூட நீங்களும் போங்க. அந்த டாக்டர் உங்களையும் ஒரு தடவை பாக்கட்டும்."