வரப்பு முனையில் வெள்ளைக்கொடி

விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

விமானத்தின் ஸ்டிக்கைப் பிடித்திருக்கிறோமா என்று அவர் குனிந்து பார்த்துக்கொண்டார். பிடித்துத்தான் இருந்தார். விமானமும் ஒழுங்காகத்தான் பறந்துகொண்டிருந்தது.

காலையில் காபி டம்ளரும் இப்படித்தான். கொதிக்கக் கொதிக்கக் கையில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்திருக்கிறார். மனைவி வந்து பிடுங்கினாள். உள்ளங்கை சிவந்து கிடந்தது.

யாரிடமும் சொல்லாதே என்றார். சொன்னால் ஓட்ட விடமாட்டார்கள், புதிதாக வந்திருக்கும் பைலட்டிடம் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அவருக்கு என்ன இருக்கிறது, மண்ணாங்கட்டி.

இந்த ஜில்லாவில் விமானத்தில் போய் நெல்லுக்கு மருந்தடித்த முதல் ஆள் அவர். கிறுக்கன், கூரையைப் பெயர்த்துக்கொண்டு போகப்போகிறான் என்றார்கள். புகையான் பூச்சி கொத்துக் கொத்தாய்ச் செத்து விழுந்த வருஷம் அதே ஆட்கள் மாலை போட்டார்கள். ஊர் வாய் அப்படித்தான்.

மருந்து உடம்பிலேயே ஊறிவிட்டது. கை மரத்துப்போவது அதனால்தான் என்று ஒரு டாக்டர் சொன்னார். அந்த டாக்டரிடம் அப்புறம் போகவில்லை.

கீழே சம்பாப் பயிர். வரப்பு முனையில் பக்கிரிசாமி வெள்ளைக்கொடியோடு நின்றார்.

முதல் நாளிலிருந்து அவருக்குக் கொடி பிடிப்பவர் பக்கிரிசாமிதான். கொடியைக் குறிவைத்து விமானம் தாழ்ந்து வரும். கிட்டே வந்ததும் கொடிக்காரர் உட்கார்ந்துவிட வேண்டும். தலைக்கு மேலே கடந்து போனதும் எழுந்து, நகர்ந்து, அடுத்த வரிசைக்கு நிற்க வேண்டும்.

மற்ற கொடிக்காரர்கள் விமானத்தைத் தூரத்தில் பார்த்ததுமே உட்கார்ந்துவிடுவார்கள். பக்கிரிசாமி சக்கரம் கண்ணுக்கு நேரே வரும்வரை நிற்பார். ஓட்டுவது எங்க ஐயா, எனக்கென்ன பயம் என்பார்.

தாழ்ந்தார். கொடி நேரே தெரிந்தது.

விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கை சாய்த்ததா, தானாகச் சாய்ந்ததா, தெரியவில்லை. நிமிர்த்தினார்.

கொடியைக் காணோம்.

பக்கிரிசாமி உட்கார்ந்துவிட்டார். இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. வரப்போடு வரப்பாக, தலையைக் கையால் பொத்திக்கொண்டு.

பக்கிரிசாமியே பயந்துவிட்டதைப் பார்த்து நியாயமாக அவருக்கு அழுகை வந்திருக்க வேண்டும்.

வரவில்லை.

மருந்தைத் திறக்கவில்லை. திரும்பினார். மண் ஓடுதளத்தில் இறக்கி இன்ஜினை அணைத்தார்.

பக்கிரிசாமி கொடியோடு ஓடிவந்தார். முழங்காலெல்லாம் சேறு. மருந்து அப்படியே இருக்கிறதே, ஏன் இறக்கிவிட்டீர்கள் என்று கேட்டார். கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி இருக்கையிலேயே வைத்தார்.

"காத்து சரியில்ல, பக்கிரி. இனிமே அந்தப் புது பைலட்டே வந்து அடிக்கட்டும்."

பக்கிரிசாமியின் கையில் கொடி ஆடாமல் அசையாமல் தொங்கியது.

"ஆமாங்கய்யா," என்றார். "காத்துதான்."