கறுப்பில் தொடங்கும் அறை

கடைசி மூலையும் கறுப்பானபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

அவன் கையில் பெயின்ட் ரோலர். மூக்கில் கறுப்பு. காதில் கறுப்பு. பனியனைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

சாயங்காலம் வந்து சேரும் ரயிலில் வருவதாகத்தான் பேச்சு. அதற்கு முந்தைய வண்டியிலேயே இடம் கிடைத்துவிட்டதைச் சொல்ல மனைவி கோமதி அழைத்தபோது, அவன் போன் ஏதோ ஒரு டப்பாவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் கிடந்தது.

திருநெல்வேலியில், தாய்வீட்டில் பிரசவம். இன்றுதான் மகள் முதன்முறையாக இந்த வீட்டுக்குள் வருகிறாள். கோமதியின் அம்மா தூக்கிக்கொண்டு வருகிறார்.

குழந்தையின் அறையில் சுவர் முழுக்கப் படம் வரைந்து வைப்பதாகச் சொல்லியிருந்தான். முயல், மேகம், வானவில் என்று எதிர்பார்த்திருப்பார்கள்.

நியாயம்தான்.

ஆனால் அவன் பிழைப்பு வேறு. முகமூடி போட்ட சூப்பர் ஹீரோ ஒருவனின் கார்ட்டூன் தொடருக்குப் பின்னணி வரைகிறவன். பொழுதே விடியாத நகரம் அது. நிழல்கள் பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களிலிருந்து வந்தவை. அண்ணாந்து பார்த்தாலும் உச்சி தெரியாத கட்டடங்கள். அவற்றில் பாதி சென்னைப் பாரிமுனையின் பழைய அலுவலகங்களைப் பார்த்து வரைந்தவை என்பது இயக்குநருக்கே தெரியாது.

அந்தத் தொடருக்கு யாரும் வெள்ளைத் தாளில் தொடங்குவதில்லை. கறுப்புத் தாள். கட்டடத்தை வரையக் கூடாது. அதன் மேல் விழுகிற வெளிச்சத்தை மட்டும் வரைய வேண்டும்.

மிச்சத்தை இருட்டு பார்த்துக்கொள்ளும்.

அப்படியே பழகிய கை. வெள்ளைச் சுவரைப் பார்த்ததும் அதற்கு எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை.

ஆகவே, முதலில் கறுப்பு. சாயங்காலத்துக்குள் வெளிச்சம் வைத்துவிடலாம்.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான்.

“என்ன மருமவனே இது? பச்சப்புள்ள வார வீட்டுல செவுத்துக்குக் கரியப் பூசி வச்சிருக்கீய!”

“திருஷ்டிப் பொட்டு அத்தை. நீங்க பாப்பா கன்னத்துல வச்சிருக்கீங்க. நான் கொஞ்சம் பெரிசா வச்சிட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. கோமதி சிரிப்பை அடக்குகிறாள் என்று நம்ப முயன்றான்.

“வெள்ளையடிச்சிட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் எம்மவளும் பேத்தியும் ஊர்லயே இருக்கட்டும். ராத்திரி வண்டிக்கே போய்க்கிடுதோம்.”

விளையாட்டாகச் சொல்லவில்லை. கோமதியும் மறுக்கவில்லை.

மகளை, பெயர் வைத்த அன்று ஒரு பகல்தான் அவன் மடியில் வைத்திருந்தான். அதற்குப் பிறகு மகள் போன் திரையில்தான் வளர்ந்தாள்.

குழந்தை வீரிட்டாள். ரயில் அலுப்பாக இருக்கலாம். தகப்பனின் கோலமாகவும் இருக்கலாம். கோமதி வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள். நிற்கவில்லை.

“ஒரே நிமிஷம் அத்தை.”

வெள்ளையில் மஞ்சளைக் கலந்தான். முதலில் பூசிய மூலை நன்றாகக் காய்ந்திருந்தது.

ஒரு சிறு சதுரம் வைத்தான்.

இருட்டில் ஒரு ஜன்னல்.

ஜன்னல் வந்ததும் அதைச் சுற்றி ஒரு வீடு வந்தது. வீட்டின் முன்னால் ஒரு தெரு. அவன் இரண்டையுமே வரையவில்லை.

அழுகை நின்றது.

மூச்சு வாங்க நிறுத்தியிருப்பாள் என்றுதான் நினைத்தான். தன் ஓவியத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

கோமதி குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றினாள். சின்னத் தலை தள்ளாடித் தள்ளாடி மறுபடி மஞ்சள் பக்கம் திரும்பியது.

அத்தை பேத்தியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கிட்டே போய், ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பதைப் போலக் குனிந்தார்.

“உள்ள ஆள் இருக்காவளா?”

“இருக்காங்க அத்தை.”

“என்ன செய்தாவ?”

அவன் யோசிப்பதற்குள் கோமதி முந்திக்கொண்டாள்.

“புள்ளையத் தூங்க வைக்காவ. ஆச்சிக்காரி ஒருத்தி வந்து சத்தம் போட்டுக்கிட்டு இருக்கா.”

இந்தத் தடவை யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.

அத்தை நிமிர்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

“பக்கத்து வீட்லயும் ஒரு லைட்டப் போடுங்க மருமவனே. ஒத்த வீடா இருந்தா புள்ள பயந்துக்கிடும்.”

அவன் வரைகிற நகரத்தில் இதுநாள்வரை பக்கத்து வீடு என்று ஒன்று இருந்ததில்லை.

“எந்தப் பக்கம் அத்தை?”

அத்தை இரண்டடி பின்னால் வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அந்தக் கறுப்பை மேலும் கீழும் பார்க்கத் தொடங்கினார்.