ஆடு எங்கே?

"மறுபடியும் திருப்பிட்டாரா?" தட்டச்சு அக்கா கேட்டாள்.

நிறைவயிற்றோடு நின்ற அவள் அட்டையை அக்காவிடம் நீட்டினாள். சிவப்பு மையில் ஒரே சொல்: 'போதாது.'

"பதினாறாவது தடவைக்கா."

"எட்டு மாசக்காரியைப் போய் இப்படிப் படுத்தறாரே! நெஞ்சா அது, கருங்கல்லா?"

அது அகராதி தயாரிக்கும் அலுவலகம். ஆளுக்கு ஓர் ஆங்கில எழுத்து. சொல்லுக்கு ஓர் அட்டை. அதில் பொருள், அந்தச் சொல் பிறந்த கதை, ஒரு வாக்கியம். எழுத்து முடிந்தால் தற்காலிக ஆளின் வேலையும் முடிந்தது. நன்றாகச் செய்தவர்களை அடுத்த எழுத்துக்குக் கூப்பிடுவதுண்டு. அவளுக்கு அந்த ஒரு நம்பிக்கைதான். கைக்குழந்தையோடு போய் நின்றால் வேறு யார் வேலை தருவார்கள்?

அவளுக்குக் கொடுத்த 'சி'யில் மற்ற அட்டைகளெல்லாம் தேறிவிட்டன. இது ஒன்று மட்டும் பதிப்பாசிரியர் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

"அப்படி என்னடி சொல்லு அது?"

"காஸெட்."

"பாட்டு கேப்போமே, அதுவா?"

"ஐயோ, இது வேறக்கா. பொத்திப் பொத்திச் சீராட்டறது. முதல்ல அது ஆட்டுக்குட்டிக்குப் பேராம். தாயில்லாத குட்டியை வீட்டுக்குள்ள கொண்டுவந்து, கையால பால் புகட்டி வளப்பாங்களே, அந்தக் குட்டி. அப்புறம்தான் வினைச்சொல்லாச்சு."

"நல்லாத்தானே இருக்கு?"

"போன திங்கக்கிழமை 'ஆடு எங்கே?'ன்னு எழுதினார். ஆட்டைச் சேத்தேன். செவ்வாக்கிழமை 'ஆடு அதிகம்'னுட்டார்."

அக்கா சிரித்தேவிட்டாள். பிறகு கோபம் வந்தது.

"அர்த்தம் கேட்டு என்ன பண்ணப் போறார்? சீராட்டறதுன்னா என்னன்னு அந்த மனுஷனுக்கு இந்த ஜென்மத்துல விளங்காது!"

மதியம் அவள் துணிந்து பதிப்பாசிரியர் மேஜைக்குப் போனாள்.

"சார், எனக்கு வேலை தெரியலைன்னா சொல்லிடுங்க. வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

அவர் நிமிரவில்லை.

"யாருக்கும் கொடுக்கறதா இல்லை. அந்த ஆட்டுக்குட்டிக்கு அப்படிப் பேர் எங்கேருந்து வந்தது?"

"குடிசையில இருக்கறவங்கன்னு அர்த்தம் வர்ற ஒரு பழைய ஆங்கிலச் சொல் இருக்கு சார். அதுலேருந்து வந்திருக்கலாம்னு…"

"கலாம், கிலாம் எல்லாம் வேண்டாம். இன்னும் நாலு புத்தகம் பாரு. நின்னுக்கிட்டுப் பேசாதே, போய் உக்காந்து பாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். இவர் எங்கே அடுத்த எழுத்துக்குக் கூப்பிடப் போகிறார்!

மறுநாள் காலை, பதினேழாவது முறையாக நீட்டிய அட்டையில் பதிப்பாசிரியர் சரிக்குறி போட்டார். கூடவே மேலாளர் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

எழுத்து முடிந்தது. வேலையும் முடிந்தது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

மேலாளர் ஓர் உறையைக் கொடுத்தார். பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சார்… இது பிரசவ விடுப்புன்னு போட்டிருக்கு. தற்காலிக ஆளுக்கு ஏது சார் விடுப்பு?"

"ஆறு மாசம் முடிச்சா உண்டும்மா. சம்பளத்தோட. திரும்பி வந்ததும் வேலையும் உண்டு. இங்கே யாருக்கும் ஆறு மாசம் வரைக்கும் எழுத்து நீண்டதில்லை, அதான் உங்க யாருக்கும் தெரியலை. உனக்கு இன்னிக்குத்தான் ஆறு மாசம் முடிஞ்சது."

கை கூப்பினாள்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை சார்."

"எனக்கு எதுக்கும்மா? நீ அந்த ஆட்டு அட்டையை முதல் தடவை கொடுத்த அன்னிக்கே பதிப்பாசிரியர் இதுல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார். தேதியை மட்டும் இன்னிக்குப் போடச் சொன்னார்."