ஐஸ் பெட்டிக்குப் புது ரப்பர்

சர்க்கார் ஐஸ் பெட்டியின் கதவு ரப்பரைப் பிய்த்துத் தரையில் போட்டிருந்தான் கரியப்பன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரைக் கேட்டுடா கை வச்சே?"

"டாக்டர் ஐயாவைக் கேட்டுட்டனுங்க."

அங்கேதான் எனக்குக் குத்தியது. இந்த மாட்டாஸ்பத்திரிக்கு நான் கம்பவுண்டர். பெட்டிச் சாவி இருப்பது என் இடுப்பில். கூட்டிப் பெருக்கவும் மாட்டைப் பிடிக்கவும் வந்த ஆள், என்னைத் தாண்டி டாக்டரிடம் போயிருக்கிறான்.

அது மண்ணெண்ணெய் விளக்கில் ஓடுகிற ஐஸ் பெட்டி. ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டதால், கதவை மூடினாலும் மூடாத மாதிரிதான். புது ரப்பர் கேட்டு மேலே எழுதிப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. நான் என்ன செய்ய? உள்ளே கை வைத்தால் சில்லென்றுதான் இருந்தது. அது போதும் என்று விட்டுவிட்டேன்.

புதிதாக வந்த டாக்டர் விடவில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் மாடுகளுக்கு வெக்கை நோய் வந்து தினம் நாலைந்து சாய்ந்துகொண்டிருந்தன.

"நாளன்னிக்கு பஸ்ல தடுப்பு மருந்து வருது. ஐஸ் கட்டாத பெட்டியில வச்சா அது வெறும் தண்ணி. பெட்டி சரியாகலைன்னா மருந்தைத் திருப்பி அனுப்பிடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டதும் இவன் திருப்புளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"டாக்டர்கிட்ட நல்ல பேர் வாங்கி வேலையை நிரந்தரம் பண்ணிக்கப் பாக்கிறியா?" என்றேன்.

"அதெல்லாம் இல்லீங்க."

"பின்னே என்ன? உன் ஜோடி எருதுக்குத்தான் பெட்டியில மிச்சமிருந்த மருந்தைப் போன மாசம் நானே போட்டு விட்டேனே. நம்ம ஆளாச்சேன்னு செஞ்சேன். அப்புறம் உனக்கென்ன இவ்வளவு அக்கறை?"

அவன் குனிந்து திருகாணியைக் கழற்றினான்.

சைக்கிள் கடை பஷீர் அஹமது இரண்டு பழைய டியூபோடு வந்தார்.

"லாரி டியூப் வேணாம் கரியப்பா, முரடு. கதவு சாத்தாது. இது மெத்துனு இருக்கும். ஆனா உள்ள எதையாச்சும் அடைக்கணும். இல்லேன்னா தட்டையாப் போயிடும்."

கரியப்பன் என் மேஜைப் பக்கம் பார்த்தான்.

"ஆஸ்பத்திரிப் பஞ்சுல கை வைக்காதே. கணக்கு இருக்கு" என்றேன் நான்.

அவன் வீட்டுக்கு நடந்துபோய்த் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆறு மைல் போக, ஆறு மைல் வர. டியூபைக் கதவு அளவுக்கு நறுக்கி, இலவம் பஞ்சைக் குச்சியால் தள்ளித் தள்ளி அடைத்தான். மூலைகளை பஷீர் சொல்யூஷன் போட்டு ஒட்டினார். கதவின் உள்தகட்டுக்கு அடியில் டியூபைச் செருகி, திருகாணிகளை ஒரேயடியாக முறுக்காமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான்.

"மாட்டிட்டா ஆச்சா? சோதிக்க வேணாமா?" என்று நான்தான் ஒரு காகிதத் துண்டைக் கொடுத்தேன். கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தான். மேல் பக்கம் காகிதம் வரவில்லை. பக்கவாட்டிலும் வரவில்லை. கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

நான் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

அவன் கோபப்படவில்லை. கீழ்ப் பக்கத்தை மறுபடி கழற்றி, இன்னும் ஒரு பிடி பஞ்சு அடைத்து மாட்டினான். இந்தத் தடவை நானே இழுத்துப் பார்த்தேன். காகிதம் கிழிந்ததே தவிர வரவில்லை.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தால், தட்டில் ஊற்றி வைத்திருந்த தண்ணீர் கல்லாகக் கிடந்தது. டாக்டர் அதைக் கவிழ்த்து மேஜையில் தட்டினார். டங்கென்று சத்தம் கேட்டது. பொறாமையெல்லாம் மறந்து நானும் கை தட்டிவிட்டேன்.

பஸ்ஸில் வந்த மருந்து பெட்டிக்குள் போனது. தண்டோரா போட்டார்கள். அடுத்த நாள் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து புளியந்தோப்பு வரைக்கும் மாடுகள்தான். தமிழில் ஒருத்தர், தெலுங்கில் ஒருத்தர், கன்னடத்தில் ஒருத்தர் என்று மாட்டை அதட்டுகிற சத்தம் காதைப் பிளந்தது. நாங்கள் மூன்று பேரும் சோறு தண்ணி இல்லாமல் நின்றோம். சாயங்காலத்துக்குள் முந்நூற்றுப் பதினாலு மாடு. மருந்து ஒரு துளி வீணாகவில்லை.

டாக்டர் எல்லார் முன்னாலும் கரியப்பன் தோளில் தட்டினார்.

"இத்தனை மாடும் பொழைச்சதுன்னா உன்னாலதான்ப்பா. உன் எருதை ஓட்டிக்கிட்டு வரலையா?"

"அதுக்கு நான் போன மாசமே போட்டாச்சு டாக்டர்" என்றேன் முந்திக்கொண்டு.

"பரவாயில்லை, இன்னொரு தடவை போட்டுக்கலாம். நாளைக்கு ஓட்டிக்கிட்டு வா."

"அதுங்க மச்சான் ஊருக்கு உழவுக்குப் போயிருக்குதுங்க ஐயா" என்றான் கரியப்பன்.

டாக்டர் உள்ளே போனார். எனக்கு உறைத்தது. இந்த மாசத்தில் எந்த ஊரில் உழவு?

"டேய், எங்கிட்டயேவா? எருது எங்கடா?"

அவன் என் முகத்தைப் பார்க்காமல் ஊசிகளைக் கழுவினான்.

"ரெண்டும் செத்துப் பன்னண்டு நாளாச்சுங்க. இதே வெக்கைதான்."

 சில்லென்று இருந்தால் போதும் என்று விட்டேனே, அந்தப் பெட்டி மருந்தைத்தானே நான் போட்டேன்.

"பாவி, ஏண்டா டாக்டர்கிட்ட சொல்லலை?"

கரியப்பன் மெதுவாகச் சொன்னான்.

"சொன்னா, ஊசி போட்டது யாருன்னு கேப்பாருங்களே ஐயா."