விளாங்குடியில் ஒரு ரேஸ் சைக்கிள்

"செயின் செத்துப்போச்சு தம்பி. பாருங்க, எப்படித் தொங்குதுன்னு."

விளாங்குடியில் அந்த வீட்டு கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் ஜெரால்டுக்குக் கிடைத்த வரவேற்பு இது. முருங்கை மரத்தில் சாய்த்திருந்த பழைய ரேஸ் சைக்கிளுக்குப் பக்கத்தில், கைலி கட்டிய ஒருவர் குத்தவைத்திருந்தார்.

இந்த சைக்கிள் ஜெரால்டுக்குக் கிடைத்தே ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் ரோட்டில் கல்லூரி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். வளைந்த ஹேண்டில் வைத்த சைக்கிள் இல்லாதவன் ஓரமாக நின்று கைதட்டலாம். மதுரையில் அவனுக்குக் கட்டுப்படியாகிற மாதிரி விற்பனைக்கு வந்திருந்தது இது ஒன்றுதான்.

நண்பன் பீமாராவ் பஸ் ஏற்றிவிடும்போதே பாடம் நடத்தியிருந்தான். "மாப்ள, போனதும் குறை சொல்லு. நல்லாருக்குன்னு மட்டும் வாயத் தொறந்துறாத. வெல ஏறிரும்."

எனவே ஜெரால்ட் முகத்தைச் சுளித்துக்கொண்டு குனிந்தான். "டயரும் வெடிப்பு விட்டுருக்குண்ணே."

அவர் மறுப்பார், மடக்கலாம் என்று காத்திருந்தான். அவரோ அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "ஆமா. பின்னாடி ரிம்மும் கோணல்" என்றார்.

"பிரேக்கும் பிடிக்கல."

"கியரும் விழுகல."

ஜெரால்டுக்குத் தலை சுற்றியது. இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று கயிறு இழுத்தால் பேரம் எப்படி நடக்கும்? "துருவும் ஏறிக்கெடக்கு" என்று சந்தேகத்தோடு சொல்லிப் பார்த்தான்.

"அத நீங்களே சொல்றீங்க" என்று அவரும் குழம்பினார். எழுந்து கைலியை உதறிக் கட்டினார். "அப்ப பழைய இரும்புக்குத்தான் லாயக்கு. வேற என்னத்தச் செய்ய?"

ஜெரால்டுக்குப் பகீரென்றது. இந்த மனுசன் பாட்டுக்குக் காயலான் கடையில் போட்டுவிட்டால்? பீமாராவின் பாடம் அந்த இடத்திலேயே மறந்து போனது.

"அண்ணே, அவசரப்படாதீங்க. செயினும் டயரும் மாத்திக்கிற சாமான். பிரேம்தான் உசுரு. எங்கயாச்சும் ஒரு வெல்டிங் இருக்கா பாருங்க. ஒத்தக் கையில தூக்கலாம். தூக்குங்க."

அவர் தூக்கினார். "அட, ஆமா."

"துரு சும்மா மேலாக்கதான்." கைக்குட்டையால் துடைத்தே காட்டினான். "ஸ்போக்க முறுக்குனா ரிம் நேராயிரும். இந்த மாதிரி வண்டி இப்ப எங்கண்ணே கெடைக்குது? இதப் போயி இரும்புக்குங்கிறீங்க."

"நெசமாவா?"

"சத்தியமாண்ணே."

அவர் முகம் தெளிந்தது. ஜெரால்டின் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"யக்கா, ஒங்க மகன் வந்துட்டாப்ல. குறையையும் மறைக்காம, நெறையையும் வெவரமாச் சொல்லிட்டாப்ல. நீங்க கேட்ட வெலைக்கே நான் எடுத்துக்கிறேன்."